வரப்பில் எலிப்பொறி வைக்க எந்தக் கொத்துச்சுத்தி வாங்கலாம்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். நெல் வயலில் எலிக்குப் பொறி வைக்க ஒரே ஒரு கைக்கருவிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு பக்கம் சுத்தியல் முகம், மறு பக்கம் இரண்டரை அங்குல அகலத்தில் லேசாக உள்வளைந்த வெட்டுவாய், தலை மட்டும் 800 கிராமுக்கு முன்பின், 15 அங்குல மரப்பிடி, இப்படி இருக்கும் கொத்துச்சுத்தியை வாங்குங்கள். இதைக் கடை கடையாகத் தேட வேண்டாம். பழைய டிராக்டர் அல்லது லாரி ஆக்சில் துண்டில், ஒட்டு வேலை இல்லாமல் ஒரே துண்டாக, கொல்லன் பட்டறையில் சொல்லி அடித்து வாங்குவதுதான் சரி. கொத்தனார் சுத்தி, களைக்கொத்து, கைமண்வெட்டி, ஆன்லைனில் வரும் குழாய்ப்பிடி சாமான் எல்லாவற்றையும் வரப்பில் வைத்து வேலை பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலம் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. சுத்தக் களிமண். தண்ணீர் நிற்கும்போது கருவியில் அப்பிக்கொண்டு விடாது, காய்ந்தால் வெடித்துக் கல்லாகிவிடும். இந்த இரண்டு நிலையிலும் வேலை செய்கிற கருவிதான் எங்களுக்குக் கருவி. சம்பா, தாளடி இரண்டிலும் பயிர் பொதி கட்டும்போது, அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும்போதே, எலி வெட்டு ஆரம்பித்துவிடும், கதிர் வந்த பிறகு ஒரே இரவில் வயல் நடுவே வட்டமாகத் தூரோடு சாய்த்துப் போட்டிருக்கும். அதற்கு முன்னாலேயே, நடவு முடிந்து வரப்பு கொஞ்சம் இறுகும்போதே பொறி வைக்கத் தொடங்கிவிட வேண்டும். எங்கள் வரப்புகளில் பெரும்பாலும் கரம்பை எலிதான். வளைக்குள் போனதும் உள்ளேயிருந்து மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும், வெளியே தூள்மண் குவிந்து கிடக்கும். புல் எலியும் வயல் சுண்டெலியும் உண்டு, ஆனால் கதிரைக் கத்தையாக இழுத்துப் போய் வளைக்குள் சேர்த்து வைக்கிற பெரிய திருடன் கரம்பைதான்.

விஷம் வைத்தால் போகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோமோடையலோன் வகை மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைக் கூகையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் விஷம் அதற்குள்ளும் போகும். இரவெல்லாம் நமக்காக வேட்டையாடுகிற பறவையைக் கொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. முன்பு கிட்டி போட ஆள் வருவார்கள், மூங்கில் வில்லும் கயிறுமாக அந்தத் தஞ்சாவூர்க் கிட்டியைச் சாயங்காலம் வைத்துவிட்டு, பிடிபட்ட எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கிப் போவார்கள். எங்கள் ஊரில் கிட்டி கட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு கொஞ்சம் கிட்டி, கொஞ்சம் கடையில் வாங்கிய ஸ்பிரிங் பொறி, சில இடங்களில் மண்ணில் புதைத்த பானைப்பொறி என்று நானே வைக்கிறேன்.

இப்போது கருவிக்கு வருவோம். பொறி வைப்பதில் கைக்கு மூன்று வேலை இருக்கிறது. எலி ஓடும் தடத்தில், வளை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, பொறி உட்கார ஒரு சமதளம் செதுக்க வேண்டும். அடுத்து, பொறியைக் கட்டி வைக்க ஒரு முளை அடிக்க வேண்டும். காலிலோ வாலிலோ மாட்டிய எலி பொறியை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விடும், இல்லையென்றால் செத்த எலியைப் பொறியோடு நாய் தூக்கிப் போய்விடும். மூன்றாவது, காலையில் அந்த முளையைப் பிடுங்க வேண்டும். பானை புதைப்பதென்றால் கூடுதலாக ஒரு குழி.

இதில் முக்கியமானது முதல் வேலை. பொறி உட்காரும் இடம் கொஞ்சம்கூட ஆடக் கூடாது. நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஒரு மூலை தாழ்ந்து எழுந்தால் எலி முன்காலை வைத்ததும் பொறி அசையும், எலி அப்படியே பின்வாங்கிவிடும். புதிதாக ஒன்று தடத்தில் வந்திருந்தாலே சந்தேகப்படுகிற பிராணி அது. அசைகிற பொறியைத் தொட்டுவிட்டுப் போன எலி மறுநாள் அந்தப் பக்கமே வராது, வரப்பின் மறு சரிவில் புதுத் தடம் போட்டிருக்கும். அதனால் வெட்டும் வாய் ஒரே இழுப்பில் சுத்தமாகச் செதுக்க வேண்டும். நாலு முறை கொத்தி, மண்ணை அள்ளிப் போட்டு, தட்டிச் சமன்படுத்திய தளம் இரவுப் பனியில் இளகி இறங்கிவிடும். செதுக்கிய மண் வேறு, நிரப்பிய மண் வேறு. கருவியின் தரமெல்லாம் இந்த ஒரு இடத்தில் தெரிந்துவிடுகிறது.

கொத்தனார் சுத்தியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் இருப்பது அதுதான், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒரு பக்கம் சதுர முகம், மறு பக்கம் செங்கல் உடைக்கும் தட்டை வாய். முளை அடிப்பதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய் செங்கல்லைத் தட்டிப் பிளக்க வடிவமைத்தது, நேராகவும் கனமாகவும் இருக்கும், அகலமும் ஒன்றரை அங்குலம் போல. காய்ந்த களியில் இறங்கும், ஆனால் மண்ணை இழுக்காது, குத்திய இடத்தில் குழி விழுந்து பக்கமெல்லாம் பொக்கு பொக்காக உடையும். ஈரக் களியில் இன்னும் மோசம், குத்தினால் சிக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு பொறி வைப்பவர்களுக்குப் போதும், புதிதாகச் செலவு செய்ய வேண்டாம். வரப்பு வரப்பாக வைப்பவர்களுக்கு ஆகாது.

களைக்கொத்து இதற்கு நேர் எதிர். இழுக்கும், செதுக்கும், புல் வேரை அறுக்கும், கையில் கனமே தெரியாது. ஆனால் தகடு மெலிசு. ஆவணி வெயிலில் இறுகிக் கிடக்கும் வரப்பில் வேகமாக இறக்கினால் வாய் மடங்கும். முளை அடிக்க முகமே கிடையாது, அதனால் தனியாக ஒரு சுத்தியலும் தூக்க வேண்டும். ஒரு கையில் பொறி மூட்டை, தோளில் முளைக்கட்டு, வழுக்குகிற வரப்பு, இதில் இரண்டு கருவி என்பது ஒன்றை எங்கேயாவது விட்டுவிட்டு வருவதற்கு வழி. கைமண்வெட்டியும் அப்படித்தான், அதோடு அதன் வாய் நான்கு அங்குலத்துக்கு மேலே அகலம். அவ்வளவு அகலமான வாயில் ஈரக் களி பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு வெட்டுக்கும் விரலால் வழித்துப் போட வேண்டும். பொறியைவிட அகலமாக வெட்டிவிட்டால் பக்கவாட்டில் சந்து விழும், எலி அந்தச் சந்து வழியாகவே நழுவிப் போகும். வெட்டுவாய் பொறியின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆன்லைனில் வரும் இரட்டைவாய்க் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள். படத்தில் அழகாக இருக்கும், சிவப்பு பெயிண்ட், ரப்பர் பிடி, உள்ளே இரும்புக் குழாய். நான் வாங்கிய ஒன்றின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஒரே அச்சில் வார்த்ததுபோல் பல பெயர்களில் அதே சாமான் வருகிறது. குழாயைத் தலையோடு சேர்த்துச் சுற்றிப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விரிசல் விட்டது, முளையைப் பிடுங்க நெம்பும்போது. ரப்பர் பிடி ஈரத்தில் சுழல ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய குறை, குழாய்ப்பிடியில் ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கை வரைக்கும் வருகிறது. ஒரு சாயங்காலம் முழுக்க முளை அடித்தால் இரவில் தம்ளரைத் தூக்கவே கை நடுங்கும். பூச்செடிக்குக் குழி தோண்ட வாங்குபவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் கொயோட்டி, ரக்கூன், நரிக்குப் பொறி வைப்பவர்கள் இதற்கென்றே ஒரு சுத்தியல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வேலையும் நம் வேலைதான், அளவுதான் பெரிது. சரிவாக ஒரு குழி வெட்டி அதற்குள் இரையை வைப்பார்கள், குழிக்கு முன்னால் பொறிக்குத் தளம் செதுக்குவார்கள், கட்டுமானக் கம்பியில் செய்த முளையை அடித்துச் சங்கிலியை மாட்டுவார்கள், மேலே மண்ணைச் சலித்துத் தூவிப் பொறியை மறைப்பார்கள். அதனால் அவர்கள் கருவியும் ஒரு பக்கம் சுத்தியல், மறு பக்கம் அகலமான உள்வளைந்த வாய் என்று வந்து நிற்கிறது. நான் கொல்லரிடம் காட்டிய வடிவத்துக்கு அந்தப் படங்களும் ஒரு காரணம். இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் 1923-இல் தொடங்கிய எஸ்ட்விங் கம்பெனியின் சுத்தியல்கள் தலையும் பிடியும் ஒரே உருக்கில் அடித்தவை, பிடி கழன்று வரும் பேச்சே இல்லை. அதில் மண்ணியல்காரர்கள் பயன்படுத்தும் உளிவாய் ரகம் ஒன்றைச் சொந்தக்காரர் ஒருவரிடம் வாங்கி வரப்பில் வைத்துப் பார்த்தேன். உருக்கு அருமை, எவ்வளவு அடித்தாலும் முகம் நசுங்கவில்லை. ஆனால் அது பாறைக்கான வாய், நம் களிக்கு ஒடுக்கம். இறக்குமதி விலைக்கு நம் ஊர்க் கொல்லர் இரண்டு மூன்று கருவி அடித்துக் கொடுத்துவிடுவார்.

சரி, பட்டறை வேலைக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நான் அடித்து வாங்கியது பக்கத்து ஊரில் ஒரு பெரியவரிடம். கலப்பைக் கொழுவும் அரிவாளும் காய்ச்சி அடிப்பதுதான் அவர் தொழில். என்ன வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட கேள்வி, "தம்பி, கல்லு மண்ணா, களியா? முளை மரமா, கம்பியா?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்காத இடத்தில் கருவி செய்யாதீர்கள். மண்ணைப் பொறுத்து வாயின் கனம் மாறும், முளையைப் பொறுத்து முகத்தின் பதம் மாறும். எங்கள் முளை 8 எம்எம் கம்பி, ஓரடி நீளம், தலையில் வளையம். சேற்றில் மூங்கில் முளையே போதும், கையால் அழுத்தினாலே இறங்கிவிடும். காய்ந்த வரப்பில் மூங்கில் நுனி பிய்ந்துபோகும்.

இரும்பு விஷயத்தில் ஏமாந்துபோக நிறைய வாய்ப்பு இருக்கிறது. வெல்டிங் கடையில் கேட்டால் ஒரு கட்டி சாதா இரும்பில் ஸ்பிரிங் பட்டையைப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள், அரைமணி வேலை. ஸ்பிரிங் பட்டை நல்ல உருக்குதான், கரிமம் அரை சதவீதத்துக்குக் குறையாது. ஆனால் முறையாக முன்சூடு கொடுக்காமல் பற்றவைத்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே உருக்கு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், நெம்பும்போது அங்கேதான் முறியும். டிஎம்டி கம்பித் துண்டில் செய்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கம்பியின் உறுதி வெளித்தோலில் இருக்கிறது, உலையில் காய்ச்சிய உடனே அது போய்விடும். உள்ளே இருப்பது தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கெட்டிப்படுத்துவது, ஏறாத இரும்பு. தலைக்குத் தேவையான கனமும் வேண்டும், தோய்ச்சலும் ஏற வேண்டும் என்றால் பழைய ஆக்சில் துண்டுதான் கைக்குக் கிடைக்கும் நல்ல பொருள். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டு போய்விட்டால் கொல்லருக்கும் சந்தோஷம். ஓட்டையோ விரிசலோ இல்லாத பகுதியாகப் பார்த்து எடுங்கள், நுனியில் பல் வெட்டியிருக்கும் பகுதி வேண்டாம்.

பிடி நுழையும் கண்ணைத் துளைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். காய்ச்சிய துண்டில் குத்துளியை வைத்துச் சம்மட்டியால் அடித்து இரண்டு பக்கத்திலிருந்தும் துளைப்பார்கள், டிரில் போட்டுத் துளைப்பதைவிட இதில் கண்ணைச் சுற்றி இரும்பு வீணாகாமல் பக்கவாட்டில் பிதுங்கிக் கனம் கூடும். அப்புறம் ஒரு பக்கத்தை வாயாக நீட்டி அடிப்பார்கள். வாய் நுனி கைப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும், பிடிக்குச் செங்குத்தாக நின்றால் வரப்புச் சரிவில் வழுக்கிப் போகும். ரொம்ப வளைத்துவிட்டால் மண்ணைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். குந்தி உட்கார்ந்து, தரையில் ஒரு கோடு போட்டு, வெறும் கையால் வீசிப் பார்த்து அந்தக் கோணத்தைச் சொல்லுங்கள். என் உயரமும் உங்கள் உயரமும் ஒன்றல்ல.

தோய்ச்சல்தான் உயிர். வாயில் ஒன்றரை அங்குலத்தை மட்டும் செந்தணலாகக் காய்ச்சி, பழைய இன்ஜின் ஆயிலில் தோய்த்து எடுத்தார். தண்ணீரில் தோய்த்தால் இந்த உருக்கு வெடிக்க வாய்ப்பு உண்டு, ஆயில்தான் பத்திரம். எடுத்த உடனே ஒரு சாணைக்கல் துண்டால் வாயை நாலு தேய் தேய்த்து வெள்ளையாக்கி என் பக்கம் நீட்டினார். பிடி நுழையும் கண்ணுக்கு அருகே மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி ஏறிவர, பளபளப்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம் படர்ந்தது, அப்புறம் பழுப்பு, அதன் பின்னாலேயே ஊதா. ஊதா நுனியைத் தொட்டதும் மறுபடி ஆயிலில் முக்கிவிட்டார். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தியிருந்தால் கத்திக்கான பதம், கல்லில் பட்டால் பல் விழும். நீலமும் தாண்டவிட்டால் மெதுவாகிவிடும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும். களிமண்ணுக்கு ஊதாதான் சரி. சரளை மண்ணென்றால் நீலம் வரைக்கும் விடச் சொல்லுங்கள்.

சுத்தியல் முகத்துக்குத் தோய்ச்சல் போட வேண்டாம் என்று நானே சொல்லி வைத்தேன், அவரும் அதைத்தான் செய்வதாக இருந்தார். கம்பி முளையை அடிக்கிற முகம் கொஞ்சம் நசுங்கலாம், தெறிக்கக் கூடாது. கடினமான இரண்டு உருக்கு மோதினால் விளிம்பிலிருந்து சில்லு பறக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். முகத்தின் விளிம்பை மழுக்கி, நடுவைத் துளி மேடாக விடச் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல சுத்தியானாலும் கடப்பாரைத் தலையில் அடிக்காதீர்கள், இன்னொரு சுத்தியல் மேலும் அடிக்காதீர்கள்.

பிடிக்கு நாட்டுக் கருவேலம் போட்டேன், புளியும் நல்லது. ரேகை பிடியின் நீளத்துக்கே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறியும். வட்டப் பிடி கையில் திரும்பும், முட்டை வடிவமாகச் செதுக்கச் சொல்லுங்கள், இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரியும். பிடியைப் பொருத்துவதில் இரண்டு வழி இருக்கிறது. சாதாரணச் சுத்தியல்போல் கீழிருந்து நுழைத்து ஆப்பு அடிப்பது ஒன்று. குந்தாலிக்குச் செய்வதுபோல் மேலே அகன்ற பிடியை மேலிருந்து இறக்கி இறுக்குவது மற்றொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு. வீச வீசத் தலை அகன்ற முனைக்குப் போய்த்தான் இறுகும், தெறித்துப் போகாது. பிடி பழுதானால் மாற்றுவதும் நிமிஷ வேலை. ஆப்பு அடித்த பிடி சித்திரை வெயிலில் சுருங்கித் தளரும், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் சரியாகும் என்பார்கள், அது காயும் வரைக்கும்தான்.

எடையில் ஆசைப்படாதீர்கள். தலை ஒரு கிலோவைத் தாண்டினால் முதல் வரப்பில் சுகமாக இருக்கும், கடைசி வரப்பில் குறி தவறும், குறி தவறினால் தளம் சிதறும். அரைக்கிலோ என்றால் கம்பி முளை இறங்க அதிகம் அடிக்க வேண்டும், அந்தச் சத்தமும் அதிர்வும் வளைக்குள் இருக்கும் எலிக்குப் போகிறது. 800 கிராமில் காய்ந்த வரப்பிலும் சில அடியில் முளை இறங்கிவிடும். பிடி 15 அங்குலம் என்று சொன்னது குந்தி வேலை பார்ப்பதற்கு. 18-ஐத் தாண்டினால் பக்கத்துப் பயிரில் இடிக்கும், பையிலும் அடங்காது.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டா மண் வேறு. அங்கே மணலும் செம்மண்ணும் கலந்திருக்கும், அந்த மண் ஒட்டாது, ஆனால் சரியும். அங்கே வாயை மூன்று அங்குலம் வரை அகட்டலாம், வளைவும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மண்ணை அள்ளும். நிலக்கடலைக் கொல்லையில் வெள்ளெலிக்கு வைப்பவர்களும் இதையே எடுத்துக்கொள்ளலாம், முளை மட்டும் ஒன்றரை அடி வேண்டும், மணலில் ஓரடி முளை நிற்காது.

கையில் வாங்கியதும் அங்கேயே பார்க்க வேண்டியது. பிடியைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு இன்னொரு இரும்பால் லேசாகத் தட்டுங்கள், கணீரென்று கேட்டால் சரி, மொத்தையாகக் கேட்டால் எங்கேயோ விரிசலோ தளர்வோ இருக்கிறது. வாயில் அரத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டே போனால் பதம் அதிகம், வெண்ணெயாக இழைந்தால் பதமே இல்லை, கொஞ்சம் கடித்துக் கொஞ்சம் வழுக்க வேண்டும். பிடிக் கண்ணுக்குப் பின்னாலிருந்து வாயையும் முகத்தையும் ஒரே கோட்டில் பாருங்கள், திருகியிருந்தால் அப்போதே காய்ச்சி நேராக்கச் சொல்லுங்கள். எனக்கு ஆக்சில் துண்டு, கூலி, பிடி எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. ஊருக்கு ஊர் இது மாறும்.

ஒரு குறையும் உண்டு. குட்டைப்பிடி என்பதால் கை வளைக்கு மிக அருகே போகிறது. எலி வளையில் எலிதான் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை, நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் எலியைத் தேடி அதற்குள்தான் போகின்றன. அதனால் இந்தக் கருவி பொறி வைக்க மட்டும். வளையை வெட்டித் திறக்க நீளமான கடப்பாரையும் மண்வெட்டியும்தான். இருளர் குடும்பங்கள் வளை தோண்டுவதைப் பார்த்திருந்தால் தெரியும், முதலில் எல்லா வாயையும் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, ஒரு வாயை மட்டும் விட்டு, தள்ளி நின்று கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்து, வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் போவார்கள். பாம்புக்கடி மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பதும் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் அவர்கள் கூட்டுறவுச் சங்கம்தான், மண்ணையும் வளையையும் அவர்களளவு படித்தவர்கள் யாரும் இல்லை. நான் எப்போதும் பொறி வைக்கும் முன் வளை வாயை ஒரு குச்சியால் தட்டிவிட்டுத்தான் குந்துவேன். கையுறையும் போடுவேன். எலி மூத்திரம் கலந்த ஈரமண் கையில் இருக்கும் சின்ன வெட்டில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெற்றிலையைத் தொட வேண்டும்.

எங்கே வைப்பது என்பதற்கு முதல்நாள் சாயங்காலம் வரப்பில் இருக்கும் எல்லா வளையையும் சேற்றால் அடைத்துவிடுங்கள், மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. அங்கே மட்டும் பொறி வைத்தால் போதும், வெட்டுகிற வேலை பாதியாகக் குறையும். வரப்பையே 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஒடுக்கி வைக்கச் சொல்லிக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது, பெரிய வரப்பு எலிக்கு நாம் கட்டிக்கொடுக்கும் வீடு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்தக் கருவியும் பொறியும் எலிக்கு மட்டும்தான். உடும்பு, கீரி, முயல், நரி, மயில் எதற்கும் பொறி வைக்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைப்பதும் வேட்டைதான். கீரி போகும் தடமென்று தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அது நம் ஆள். பொறியின் மேல் ஒரு கூரையோட்டுத் துண்டையோ முள்கிளையையோ கவிழ்த்து எலி நுழையும் அளவுக்கு மட்டும் வழி விட்டால் பறவையும் மாட்டாது.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. வேலை முடிந்ததும் வைக்கோலால் துடைத்து, வாயில் பழைய ஆயில் தடவி, பிடியில் ஆமணக்கெண்ணெய் தேய்த்து வைத்தால் போதும். வாய் வழவழப்பாக இருந்தால் ஈரக் களி பாதிதான் ஒட்டும், அதனால் துருவை அப்போதைக்கப்போதே உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். மெஷின் சாணையில் வாயைக் கொடுக்காதீர்கள், சூடேறி நீலம் பாய்ந்தால் ஆசாரி போட்ட தோய்ச்சல் போய்விடும், கை அரம் போதும். செய்யச் சொல்வதானால் வைகாசியிலேயே போய்விடுங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்துவிட்டால் கொழு, அரிவாள், மண்வெட்டி என்று பட்டறை வாசலில் கூட்டம் நிற்கும், நம் கொத்துச்சுத்திக்கு நிதானமாகக் கோணம் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.